படம் போய்ச் சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ஃபோனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 6 எம்.பி. வரை இருக்கும். 24 மெகாபிக்ஸல் கேமராவில் ஜேபெக் (சுருக்கிச் சேமிக்கும் வகை) என்றால் 8 முதல் 12 எம்.பி.; ரா கோப்பு (கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் வகை) என்றால் 25, 30 எம்.பி. ஒரு கல்யாணத்தில் 2000 ரா படங்கள் எடுத்தால் 60 ஜி.பி. ஆகிவிடும். எடுக்கும்போது எந்தச் சிரமமும் தெரியாது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் ஒவ்வொன்றாக முளைக்கும். உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்துக் கீழே தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். சிறிதாக்குவது, வெட்டுவது, நிறம் மாற்றுவது எல்லாமே நகலில் நடக்கட்டும். ஜேபெக்கில் ஒருமுறை போன விவரம் எந்த மென்பொருளாலும் திரும்பி வராது.

கோப்பைப் பற்றி முதலில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: எத்தனை பிக்ஸல், எத்தனை எம்.பி., என்ன வகை. விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ். ஃபோனில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால் பெரும்பாலும் இந்த விவரம் வரும். பிக்ஸலும் எம்.பி.யும் ஒன்றல்ல. 6000 × 4000 பிக்ஸல் படம் சுருக்காத நிலையில் 72 எம்.பி.; அதையே ஜேபெக் 10 எம்.பி.யாகவும் வைக்கும், 2 எம்.பி.யாகவும் வைக்கும். பிக்ஸல் எண்ணிக்கை மாறாது, தரம்தான் மாறும். டி.பி.ஐ. என்று 72 அல்லது 300 போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அச்சிடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்ஸல் வைக்கலாம் என்ற குறிப்பு மட்டுமே. அந்த எண்ணை மட்டும் மாற்றினால் படம் பெரிதாகவும் ஆகாது, சிறிதாகவும் ஆகாது.

ஃபோனில் பளிச்சென்று இருக்கிறது, பிரிண்ட் போட்டால் மங்கல்

பத்தில் எட்டுப் பேர் கேட்பது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. காரணமும் பெரும்பாலும் ஒன்றே: படம் வாட்ஸாப் வழியாக வந்திருக்கிறது.

வாட்ஸாப்பில் ஒரு படத்தைப் படமாக அனுப்பினால், போகும் வழியிலேயே அது சுருக்கப்படும். சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்ஸலுக்கு இறங்கிவிடும். 2023-இல் வந்த ஹெச்.டி. பொத்தானை அழுத்தினால் இதைவிடப் பெரிதாகப் போகும். ஆனால் அதுவும் சுருக்கிய படம்தான், மூலம் அல்ல. ஆண்ட்ராய்டில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. கோப்பின் பெயரில் தேதிக்குப் பிறகு 'டபிள்யூ ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் இருந்தால் அது வாட்ஸாப் கடந்து வந்த நகல். படம் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் அதில் அழிந்திருக்கும்.

இனி கணக்கு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். 1600 × 1200 படம் ஐந்தேகால் அங்குலத்துக்கு 4 அங்குலம் வரை தாங்கும். 4 × 6 அளவுப் பிரிண்டுக்கு ஒருவாறு போதும். ஏ4 தாளுக்கு 3508 × 2480 பிக்ஸல் வேண்டும். கரிஷ்மா என்ற கல்யாண ஆல்பத்தின் 12 × 36 அங்குல விரிப்பு முழுவதையும் ஒரே படத்தால் நிரப்ப 10800 × 3600 வேண்டும். வாட்ஸாப் படத்தை அங்கே இழுத்து நிரப்பினால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஃபிளெக்ஸ் பேனர் வேறு கதை. அதைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம் என்பதால் அங்குலத்துக்கு 72 பிக்ஸலோ அதற்குக் குறைவோ போதும். பத்தடி பேனருக்கு 300 வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு ஜி.பி. கோப்பு அனுப்புவது அச்சகத்தாருக்கும் தொல்லை.

சரிசெய்வது எப்படி? அனுப்புகிறவரிடம் அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இணைப்புக் குறியை அழுத்தி, கேலரிக்குப் பதிலாக டாக்குமென்ட்டைத் தேர்ந்தெடுத்து, கோப்பை எடுக்க வேண்டும். ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை அப்படியே போகும், ஒரு பிக்ஸல்கூடக் குறையாது. வந்ததும் எத்தனை எம்.பி. என்று சரிபாருங்கள். 200 கே.பி. என்று காட்டினால் அவர் பழைய நகலையே டாக்குமென்ட்டாக அனுப்பியிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டும் இதே கணக்குதான்; திரையில் உள்ள பிக்ஸலுக்கு மேல் அதில் எதுவும் இராது.

வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டால், மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேடுவார்கள். குடும்பக் குழுவில் பத்துக் கை மாறி வந்த ஒரு படம்தான் உடனே கிடைக்கும். கடைக்காரர் அதை ஏதோ ஒரு செயலியில் போட்டுக் கூர்மையாக்கித் தருவார். அந்தச் செயலிகள் இல்லாத விவரத்தைக் கற்பனையில் வரைகின்றன: கண்ணிமை, பல்வரிசை, தோலின் சுருக்கம் எல்லாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அவர் முகமாக இருக்காது. தயவுசெய்து அந்த வழியை முதலில் எடுக்காதீர்கள். படத்தை எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய ஃபோனிலோ பழைய மெமரி கார்டிலோ மூலம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாவகாசமான காலத்திலேயே வீட்டுப் பெரியவர்களின் நல்ல படங்களின் மூலங்களை வாங்கி ஓரிடத்தில் சேர்த்து வைப்பது இன்னும் நல்லது.

மின்னஞ்சல் 'கோப்பு பெரிது' என்று திருப்பி அனுப்புகிறது

ஜிமெயிலின் வரம்பு 25 எம்.பி. ஆனால் 23 எம்.பி. இணைப்பு திரும்பி வந்தால் திகைக்க வேண்டாம். மின்னஞ்சல் எழுத்துகளைக் கொண்டுபோகவே உருவானது. அதனால் படக் கோப்பு பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட்டு நான்காகிறது. 18 எம்.பி. படம் வழியில் 24 எம்.பி. ஆகிவிடும். பெறுகிறவரின் அலுவலகச் சர்வரில் 10 எம்.பி.தான் வரம்பு என்றால் உங்கள் பக்கம் போய், அவர் பக்கம் நின்றுவிடும்.

ஒன்றிரண்டு படம் பார்வைக்கு மட்டும் என்றால் நீளப் பக்கம் 2048 பிக்ஸலாகக் குறைத்து, ஜேபெக் தரம் 80-இல் சேமித்து அனுப்புங்கள். ஒவ்வொன்றும் ஒரு எம்.பி. சுற்றளவில் நிற்கும். மூலமே வேண்டும் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்புங்கள்.

அந்த முகவரியைத் திறந்தால் 'அனுமதி கேட்கவும்' என்று வருகிறதா? கோப்புறையின் ஷேர் பகுதியில் ரெஸ்ட்ரிக்டட் என்று இருக்கும். அதை 'இணைப்பு உள்ள யாவரும்' என்று மாற்றுங்கள். அவர் எடுத்துக்கொண்டதும் திரும்ப மூடிவிடுங்கள். திறந்த முகவரி யார் கையில் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

விண்ணப்பப் படிவம் படத்தை ஏற்கவில்லை

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கடைசி நாள் இரவில் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்பது: புகைப்படம் 200 × 230 பிக்ஸல், 20 முதல் 50 கே.பி.; கையெழுத்து 140 × 60 பிக்ஸல், 10 முதல் 20 கே.பி. மற்றப் படிவங்களின் எண் வேறாக இருக்கலாம், அந்தந்த அறிவிப்பைப் பாருங்கள். வழிமுறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

வரிசை முக்கியம். முதலில் முகமும் தோளும் வரும்படி வெட்டுங்கள். இரண்டாவது, பிக்ஸலைக் கேட்ட அளவுக்குக் குறையுங்கள். தரத்தைத் தொடுவது கடைசியில்தான். பலர் 4000 பிக்ஸல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் இறக்கி 50 கே.பி.க்குள் அழுத்துகிறார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. பிக்ஸலைக் குறைத்தபின் தரத்தை 90-க்கு மேல் வைத்தாலும் பெரும்பாலும் 50-க்குள் அடங்கிவிடும்.

'20 கே.பி.க்குக் குறைவாக உள்ளது' என்ற பிழை வந்தால், தரத்தை உயர்த்தி மறுபடி சேமியுங்கள், அதுவும் முதல் வெட்டிலிருந்தே. விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருளான இர்ஃபான்வியூ, ஜேபெக் சேமிக்கும் பெட்டியில் எத்தனை கே.பி. வேண்டும் என்றே கேட்டுக்கொள்ளும். இன்னோர் இலவச மென்பொருளான ஜிம்ப்பில் தரத்தை ஏற்றி இறக்கும் அளவுகோல் உண்டு.

அளவு எல்லாம் சரி, இருந்தும் ஏற்கவில்லை என்றால் வகையைப் பாருங்கள். பி.என்.ஜி. கோப்பின் பெயரை மட்டும் ஜேபெக் என்று மாற்றியிருந்தால் உள்ளே பி.என்.ஜி.தான் இருக்கும். ஒரு மென்பொருளில் திறந்து சேவ் அஸ் கொடுத்து மாற்ற வேண்டும். இன்னொன்று: கையெழுத்தையும் ஆதார் அட்டையையும் பெயர் தெரியாத இணையதளங்களில் ஏற்றிச் சுருக்காதீர்கள். கணினியிலேயே முடிகிற வேலைக்காக அவற்றை அந்நியர் சர்வருக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை.

பென் டிரைவில் இடம் இருக்கிறது, 'கோப்பு மிகப் பெரிது' என்கிறது

டிரைவ் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தொட முடியாது, காலி இடம் எவ்வளவு இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் டிரைவில் உள்ள எல்லாம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். சில பழைய டி.வி.க்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. வாங்குகிறவர் அப்படிப்பட்ட டி.வி.யில் போட்டுப் பார்ப்பார் என்றால் ஃபேட்32-ஐ அப்படியே விட்டு, பெரிய ஜிப் கோப்பாக்காமல் படங்களைத் தனித்தனியாகக் கொடுங்கள்.

ஜிப் செய்தும் அளவு குறையவில்லை

குறையாது. ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு. சக்கையை மறுபடி ஆலையில் கொடுத்தால் சாறு வராது. நூறு படங்களை ஒரே கட்டாக்கவும், அது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யவும்தான் ஜிப் உதவும். எடை குறைய வேண்டும் என்றால் பிக்ஸலையோ தரத்தையோதான் குறைக்க வேண்டும்.

ஐஃபோன் படம் கணினியில் திறக்கவில்லை, அல்லது நகலெடுக்கும்போது பாதியில் அறுந்துபோகிறது

2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐஃபோன்கள் ஹெய்க் வகையில் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிட ஏறக்குறைய பாதி எடை, நல்ல தரம். பழைய விண்டோஸுக்கும் பல இணையப் படிவங்களுக்கும் அது புரியாது. இனி எடுப்பவை ஜேபெக்காக வேண்டும் என்றால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் வையுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றைக் கணினியில் பார்க்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஹீஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன் நிறுவுங்கள். கூடவே ஹெச்.இ.வி.சி. நீட்சியும் தேவைப்படும், அதற்குச் சிறு கட்டணம் உண்டு.

கேபிளில் நகலெடுக்கும்போது சாதனம் இயங்கவில்லை என்ற பிழை வந்து நின்றால், ஃபோட்டோஸ் அமைப்புகளின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பி.சி.' என்று ஒன்று இருக்கும். அது ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் ஃபோன் ஒவ்வொரு படத்தையும் வழியிலேயே ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பும், அதில்தான் தடுமாறுகிறது. கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றுங்கள். பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். படங்களே குறைவாகத் தெரிகின்றனவா? ஐகிளவுடில் ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ் இயங்குகிறது. மூலங்கள் ஃபோனில் இல்லை, ஐகிளவுடில் இருக்கின்றன. அங்கிருந்து இறக்குங்கள்.

ஏற்றம் முடியவே மாட்டேன் என்கிறது

இணைய இணைப்பின் வேகத்தை விளம்பரத்தில் எம்.பி.பி.எஸ். என்று சொல்வது மெகாபிட், கோப்பின் எம்.பி. மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். ஏற்ற வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு 1.25 எம்.பி.தான் போகும். ஒரு ஜி.பி.க்குப் பதினான்கு நிமிடம், 20 ஜி.பி.க்கு நாலரை மணி நேரம். பல இணைப்புகளில் இறக்க வேகத்தைவிட ஏற்ற வேகம் மிகக் குறைவு. ஆகவே வேகத்தை அளக்கும்போது அப்லோட் எண்ணைப் பாருங்கள்.

ஃபோன் டேட்டாவில் ஏற்றினால் அன்றாட 1.5 அல்லது 2 ஜி.பி. தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு விழுந்துவிடும். அந்த வேகத்தில் ஒரே ஒரு 10 எம்.பி. படம் போக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். திரை அணைந்ததும் ஏற்றம் நின்றால் அந்தச் செயலிக்கான பேட்டரி சேமிப்பை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக ஏற்றாமல் இருநூறு இருநூறு படமாகக் கோப்புறை பிரித்து ஏற்றினால், அறுந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஏற்றலாம்.

ஏற்றிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று உங்களுக்கு மின்னஞ்சல் வருவதே நின்றுபோனால், கூகுள் கணக்கு நிறைந்திருக்கும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யில் ஃபோட்டோஸ், டிரைவ், ஜிமெயில் மூன்றும் பங்கு. ஃபோட்டோஸில் வரம்பில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஸ்டோரேஜ் சேவர் போட்டால் இடம் மிஞ்சும், ஆனால் 16 மெகாபிக்ஸலுக்கு மேற்பட்ட படங்கள் 16-க்கு இறக்கப்படும். மூலத்தின் ஒரே நகலை அங்கே வைக்காதீர்கள்.

60, 100 ஜி.பி. என்றால் என் கருத்தில் இணையம் வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் அனுப்புங்கள். உங்களிடம் ஒரு முழு நகல் இருக்கும்போதுதான் அனுப்ப வேண்டும்.

மேலே படம், கீழே பாதி சாம்பல் நிறம்

கோப்பு முழுதாக வரவில்லை. நகல் முடியும் முன் கார்டையோ பென் டிரைவையோ பிடுங்கியிருக்கலாம். திரையில் 100 சதவீதம் காட்டியபின்னும் எழுதும் வேலை மீதம் இருக்கக்கூடும். அதனால்தான் எஜெக்ட் கொடுத்து எடுக்கச் சொல்கிறார்கள். மூலம் கார்டில் இருந்தால் மறுபடி நகலெடுத்தால் போதும்.

கார்டிலேயே அப்படி இருந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கார்டைத் துழாவி, மீட்பவற்றை வேறொரு டிரைவில் எழுதுங்கள். அழிந்த படத்தின் இடத்தில் புதிதாக ஒன்று எழுதப்படாத வரை மீள வாய்ப்பு உண்டு.

முதல் நூறு இருநூறு படம் நன்றாக இருந்து, அதற்குப் பிறகு எடுத்தவை எதுவும் திறக்கவில்லை என்றால் போலிக் கார்டாக இருக்கலாம். 128 ஜி.பி. என்று காட்டும், உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் வீண். புதுக் கார்டை விசேஷத்துக்குக் கொண்டுபோகும் முன் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும். தாலி கட்டும் காட்சியை இரண்டாம் முறை எடுக்க முடியாது, ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள்.

அனுப்பிவிட்டோம் என்று கார்டை அழிக்கும் முன் இரு பக்கமும் கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் இலக்கம் பிசகாமல் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

கேமராவில் நிறம் எடுப்பாக இருந்தது, இணையத்தில் வெளுத்துவிட்டது

கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறதா பாருங்கள். கேமரா அடோப் ஆர்.ஜி.பி. என்ற நிறவெளியில் (நிறங்களை எண்ணாகக் குறிக்கும் முறை) இருந்தால் அப்படித்தான் பெயரிடும். அந்தக் குறிப்பைப் படிக்காத செயலிகளில் குங்குமச் சிவப்பும் பட்டுப்புடவைப் பச்சையும் சோகை பிடித்ததுபோல் தெரியும். நகலை இணையத்தில் வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளிக்கு மாற்றி ஏற்றுங்கள்: ஜிம்ப்பில் கன்வர்ட் டு ப்ரொஃபைல், லைட்ரூமில் எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே உண்டு. அசைன் என்ற கட்டளை வேறு, அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும்.

தமிழில் வைத்த பெயர்கள் குழம்பிவிட்டன

'கோயில் திருவிழா' என்று பெயர் வைத்த கோப்புறையை ஜிப் செய்து அனுப்பினால் சில கணினிகளில் குறியீட்டுக் குப்பையாக விரிகிறது. ஜிப் செய்த மென்பொருள், பெயர் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) உள்ளது என்று குறித்து வைக்கவில்லை. 7-ஜிப் போன்ற புதிய பதிப்பால் கட்டியும் பிரித்தும் பாருங்கள். நீளமான தமிழ்ப் பெயர்கள் ஆண்ட்ராய்டில் ஏற மறுப்பதற்குக் காரணம் வேறு. பெயருக்கு 255 பைட்டுதான் வரம்பு. யூனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'கோயில்' என்பதே ஆறு குறி, 18 பைட்டு. மேக்கும் விண்டோஸும் கலந்த இடத்தில் 'கொ', 'கோ' வரும் பெயர்கள் இரட்டையாகத் தெரிந்தால், ஒன்றில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் மற்றொன்றில் இரண்டு குறியாகவும் பதிந்திருக்கின்றன. வெளியே அனுப்பும் கோப்புறைக்கு '2024-05-12' என்று எண்ணால் தொடங்கும் சிறு பெயர் வைத்து, தமிழ் விவரங்களை உள்ளே ஓர் உரைக் கோப்பில் எழுதுங்கள்.

பெயர் பற்றியே இன்னொன்று: கேமரா 9999-க்குப் பிறகு மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். இருவர் எடுத்த படங்களை ஒரே கோப்புறையில் கொட்டும்போது 'மாற்றவா?' என்று கேட்டால் ஆம் என்று அழுத்தாதீர்கள். பழையது அழிந்துவிடும். கேமராவுக்கு ஒரு கோப்புறை.

படம் படுத்துக் கிடக்கிறது

எந்தப் பக்கம் மேல் என்பதைக் கேமரா ஒரு குறிப்பாகத்தான் எழுதுகிறது. எல்லாச் செயலியும் அதைப் படிப்பதில்லை. நகலைத் திருப்பிச் சேமித்து அனுப்புங்கள்.

அனுப்பிய படத்தை வைத்து வீடு இருக்கும் இடம் சொல்கிறார்கள்

லொகேஷன் இயங்கும் ஃபோன், படத்தோடு சேர்ந்து போகும் எக்ஸிஃப் என்ற குறிப்புப் பகுதியில் அட்சரேகை தீர்க்கரேகையை எழுதிவிடுகிறது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். நான் மேலே சொன்ன டாக்குமென்ட் வழியிலும் டிரைவ் வழியிலும் அப்படியே போகும். ஆகவே பழக்கமில்லாதவருக்கும் பொது இடத்துக்கும் போகும் நகலில் அதை நீக்குங்கள், குழந்தைகள் படமென்றால் கட்டாயம். விண்டோஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தின் அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வழி உண்டு. ஐஃபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே ஆப்ஷன்ஸில் லொகேஷனை அணைக்கலாம். மூலத்தில் மட்டும் அந்தக் குறிப்பை விட்டுவையுங்கள். எந்த ஊர்த் தேர், எந்தக் குளக்கரை என்று பிற்பாடு தேட அது உதவும்.